மறு: குவைத்தில் கேஜி வகுப்பு, மூன்று வாரத்திலேயே அழுகை வருகிறது

சகோதரி, பிள்ளைகள் 5 எழுதச் சொன்னால் பூஜ்யம் போடுகிறார்கள், பெயரை வலது ஓரத்தில் இருந்து எழுதுகிறார்கள், கற்றல் குறைபாடா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இல்லை. அங்கே வீட்டிலும் கடையிலும் பார்க்கும் அரபு எண்களில் 5 என்பது வட்டம்தான், பூஜ்யம் வெறும் புள்ளி. 6 நம்முடைய 7 மாதிரி இருக்கும். அரபி எழுத்தும் வலமிருந்து இடமாகத்தான் போகும். முதல் மாதம் நானும் சிவப்புப் பேனாவால் வட்டம் வட்டமாகச் சுழித்துத் தள்ளினேன். அப்புறம் அரபி மிஸ்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். நோட்டின் இடது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்து, அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். போதும்.

'பேப்பர்' சொல்ல வராததும் அப்படித்தான். அரபியில் அந்த வல்லின 'ப' கிடையாது, 'தம்பி'யில் வரும் ஒலிதான் உண்டு. வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து, அது ஆடும்படி சொல்லச் சொல்லுங்கள். வகுப்பே விளையாட்டாகிவிடும்.

கத்தாதீர்கள், தொண்டைதான் போகும். 'யல்லா' (கிளம்பு), 'ஹலாஸ்' (முடிந்தது), 'ஷ்வய் ஷ்வய்' (மெதுவாக), இந்த மூன்றும் உங்கள் வாயில் வந்தாலே பாதி அமளி அடங்கும். 'ஹம்மாம்' என்று ஓடிவந்தால் மட்டும் இலக்கணம் திருத்தாமல் உடனே கழிவறைக்கு அனுப்பிவிடுங்கள்!

வெள்ளி, சனி விடுமுறையில் ஒரு நாளாவது பாடக்குறிப்பைத் தொடாதீர்கள். ஞாயிறு காலை வேலைக்குக் கிளம்புவது பழக எனக்குப் பல மாதம் ஆனது.