பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களை எப்படிச் சேர்ப்பது?

அண்ணாச்சி, உங்கள் குளத்துப் பாசனச் சங்கத்தில் பாதிப் பேர் சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறார்கள், ஊரில் உள்ள பெரியவர்களிடம் பட்டன் போன்தான், பிசான நெல் பருவத்துக்குள் மடை வேலையை முடிவு செய்ய வேண்டும், சங்கத்தில் காசில்லை, எல்லோரையும் போன்வழிக் கூட்டத்தில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு கூகுள் மீட் என்ற வீடியோ அழைப்புச் செயலி போதும். இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம் பேசலாம். ஜூம் என்றால் 40 நிமிடத்தில் நின்றுவிடும்.

பெரியவர்களைத் தனித்தனியாக இணைக்கப் பாடுபடாதீர்கள். நாலைந்து பேரை ஒரு திண்ணையில் உட்கார வைத்து, நடுவில் ஸ்மார்ட்போன் உள்ள ஒரு பையனை விடுங்கள். எங்கள் தெருவில் முதலில் போனை எவர்சில்வர் தட்டில் வைத்தோம், ஒரே கணகணப்பு. துண்டை மடித்து அதன்மேல் வைத்து, ஃபேனையும் நிறுத்திய பிறகுதான் பேச்சு தெளிவாகக் கேட்டது. வர முடியாதவர்களைச் சாதாரண போனிலேயே கான்ஃபரன்ஸ் போட்டுச் சேர்க்கலாம். பொதுவாக ஐந்து பேர் வரை சேரும். அன்லிமிடெட் ரீசார்ஜ் இருந்தால் தனிச் செலவில்லை.

அப்புறம், யார் பேசினாலும் முதலில் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பணம் பற்றிய முடிவை இரண்டு முறை வாசித்து, ஒவ்வொருவராகச் சம்மதம் கேளுங்கள். காது மந்தமான பெரியவர்களுக்கு மறுநாள் காலையில் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.