பெற்றோர் கொடுத்தால் தப்பு, நீங்கள் போட்டுக்கொண்டால்?

கேள்வி: பள்ளி முழுவதற்கும் செவிலியர் நான் ஒருத்திதான். கொரோனா வந்ததிலிருந்து வெப்பமானியும் கையுமாக நிற்கிறேன். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். கேட்டால் என் மீதே பாய்கிறார்கள். போன வாரம் எனக்கும் உடம்பு சுட்டது. மாற்று ஆள் இல்லாததால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார். பயமாக இருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம். பெற்றோரை வறுத்தெடுத்துவிட்டு, அவர்கள் செய்ததையே நீங்களும் செய்ததைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, எழுதும்போது கை தயங்கவில்லையா?

பாராசிட்டமால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் காய்ச்சலை அடக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. இதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? காலையில் வாசலைத் தாண்டிய பிள்ளை, மதியம் 38 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உடம்போடு உங்கள் அறைக் கட்டிலில் சுருண்டு கிடப்பதை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! அந்தப் பிள்ளையாவது ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தது. நீங்களோ ஆஸ்துமா பிள்ளையின் முகத்தருகே குனிந்து இன்ஹேலரைப் பிடித்திருப்பீர்கள். நீரிழிவுப் பிள்ளையின் விரலைப் பிடித்துச் சர்க்கரை பார்த்திருப்பீர்கள்.

மாற்று ஆள் இல்லையாம். அந்தத் தாயைக் கேளுங்கள், அவளும் இதையேதான் சொல்வாள்: விடுப்பு இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் சொன்னால் சாக்கு, நீங்கள் சொன்னால் கடமையா? ஆள் போடாதது நிர்வாகத்தின் குற்றம். மாத்திரையை விழுங்கி அதை மூடி மறைத்தது நீங்கள். நீங்கள் இல்லாமல் ஒரு நாள் திண்டாடினால்தான் அவர்களுக்கு உறைக்கும். (2020ஆம் ஆண்டைச் செவிலியர், மருத்துவச்சியர் ஆண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. உங்கள் பள்ளிக்கு இரண்டாவது செவிலியர் வந்தாரா?)

மாமியாரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. உங்களை நம்பி ஒரே கூரையின் கீழ் இருக்கும் பெரியவரிடம் இதை மறைத்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இன்றே சொல்லிவிடுங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே நோய் முற்றலாம். சோர்வு, குழப்பம், மூச்சு வாங்கல் தெரிகிறதா என்று கவனியுங்கள்.

வேலையை விட வேண்டாம். முதலில் சோதனை செய்துகொள்ளுங்கள். முடிவு வரும்வரை பள்ளிப் பக்கம் போகாதீர்கள். காய்ச்சல் இருந்தால் வரமாட்டேன் என்று தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். அன்று நீரிழிவுப் பிள்ளையைக் கவனிப்பது யார், தனி அறையில் நோயுற்ற பிள்ளைக்குத் துணையிருப்பது யார் என்று பெயர் குறித்துத் தரச் சொல்லுங்கள். நகலில் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.