பதில்: ஆர்டர் பார்க்க எடுத்த போன் கையை விட்டு இறங்கவில்லை

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறீர்கள். இரவு ஆர்டர் பார்க்கப் போனை எடுத்தால் ஒரு மணி வரை ரீல்ஸ் ஓடுகிறது, எனக்கு மன உறுதி இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். மன உறுதியை விடுங்கள். அந்தத் திரையைச் செய்ததே அப்படித்தான்.

அடுத்த வீடியோ பிடிக்குமா என்பது தெரியாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத இரைக்காகப் புறா சலிக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் காட்டினார். லாட்டரிச் சீட்டின் கணக்கும் இதுவே. போதாததற்கு, தள்ளத் தள்ள முடிவே இல்லாத பக்கம். 2006-இல் அதை வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் வருந்தினார்.

ஏற்காட்டில் இரண்டு நாள் போனை அணைத்து வைக்கலாமா என்கிறீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தால் அதே போன், அதே படுக்கை.

வாட்ஸ்அப் உங்கள் தொழில், இருக்கட்டும். இன்ஸ்டாகிராமைப் போனிலிருந்து நீக்கிவிட்டு, டிசைன் படங்களைப் பட்டறைக் கணினியிலிருந்து பதிவிடுங்கள். கணக்கையே அழிக்கச் சொல்பவர்கள் வாடிக்கையாளரைப் பிடித்துத் தரப்போவதில்லை. இரவில் போன் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும். எழுப்ப அலாரம் கடிகாரம் போதும். இரவு ஆர்டர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் தானியங்கிப் பதில் வைக்கலாம். அமைக்கத் தெரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள்.