மூச்சு வாங்கினா நுரையீரல் மட்டும்தானா?

மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரொம்ப வருஷம் டிரெஸ்ஸரா, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளரா இருந்து ஓய்வு பெற்றவன் நான். சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறவங்களோட இருதயத்தைப் பத்தி நீங்க கேட்டதுக்கு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

அப்பா புகைவீட்டில் ரப்பர் ஷீட் காய வச்சவர், சிகரெட்டும் உண்டு. நுரையீரல் நோய்க்குப் போனா இ.சி.ஜி. எடுக்கச் சொல்றாங்க. எதுக்கு ஐயா?

சரியாத்தான் சொல்லியிருக்காங்க தம்பி. சி.ஓ.பி.டி. உள்ளவங்களுக்கு இருதய நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட 2 மடங்குக்கும் மேல. நுரையீரலைக் கெடுத்த அதே புகைதான் ரத்தக்குழாயையும் கெடுக்குது. பிரஷர், சக்கரை, கொழுப்பு மூணையும் சேர்த்துப் பார்த்துடுங்க. கிளினிக் கெசிஹாத்தான்ல, அதாவது அரசாங்க கிளினிக்ல 1 ரிங்கிட்தான்.

அம்மாவுக்கும் அதே நோய். சாயங்காலமானா கால் வீங்குது.

கணுக்காலுக்கு மேல எலும்போட சேர்த்துக் கட்டைவிரலால அழுத்திப் பாரும்மா. விரலை எடுத்தும் குழி அப்படியே நின்னா நீர் கோத்திருக்கு. ஆக்சிஜன் குறைஞ்சா நுரையீரல் ரத்தக்குழாய் சுருங்கும். அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தோட வலது பக்கம் களைச்சுப் போயிடும். அதனாலயும் வீங்கலாம். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டாலும் கால் வீங்கும். அதனால மருந்துப் பையோட டாக்டர்கிட்ட போங்க.

மாமா சளி முட்டி வார்டுல இருந்துட்டு வந்துட்டார். இனி பயமில்லையே?

இப்பதான் கண்ணை அவர் மேல வைக்கணும். சி.ஓ.பி.டி. திடீர்னு முற்றி அடங்கின முதல் ஒரு மாசம் ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் ஆபத்து நல்லாவே ஏறியிருக்கும்.

எங்க மண்டோர் (வேலையாட்களை மேய்க்கிற கங்காணி) ஒருத்தர் இப்படித்தான், சளி குறைஞ்ச நாலாம் நாள் பெரட்டு (காலையில ஆள் கணக்கெடுக்கிறது) முடிஞ்சதும் மூச்சு முட்டுதுன்னு வந்தார். நெஞ்சு வலி இல்லை. பழைய இழுப்புன்னு நினைச்சு மருந்தை ஆவியா மூச்சுல இழுக்க வைக்கிற நெபுலைசரை மாட்டினேன். மருந்து தீர்ந்து இழுப்புச் சத்தம் அடங்கியும் நெத்தியில வேர்வை முத்து முத்தா நின்னுச்சு. கை சில்லுன்னு இருந்துச்சு. அப்புறம்தான் உறைச்சது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏத்தினோம், ஹார்ட் அட்டாக். மனுஷன் பிழைச்சுட்டார். நான் வீணாக்கின அந்த அரை மணி நேரம் இன்னும் உறுத்துது.

எனக்கு இருதயத் துடிப்பைக் குறைக்கிற பிசோப்ரோலோல் மாத்திரை எழுதியிருக்காங்க. மூச்சு நோய்க்கு ஆகாதுன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றார். நிறுத்திடவா?

நிறுத்தாதீங்க! அண்ணன் சொல்றது அதே வகையில புரோப்ரனோலோல் மாதிரி பழைய மருந்துக்குப் பொருந்தும். பிசோப்ரோலோல் பெரும்பாலும் இருதயத்தை மட்டும் பார்த்து வேலை செய்யும். இருதயத்துக்குத் தேவைன்னா சி.ஓ.பி.டி. உள்ளவங்களுக்கும் கொடுப்பாங்க. ஆஸ்துமா இருந்தா மட்டும் முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. திடீர்னு விட்டா இருதயம் திமிறும்.

மூச்சுக்கு இழுக்கிற நீல பம்ப் அடிச்சா படபடன்னு வருது, கையும் நடுங்குது.

அந்த பம்புல இருக்கிற சால்பியூட்டமோல் மருந்து அப்படித்தான், கொஞ்ச நேரத்துல அடங்கும். ஆனா ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்கிறீங்கன்னு எண்ணுங்க. எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனா பம்ப் போதலையா, இருதயமான்னு பார்க்கணும்.

இந்த வயசுல சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகுது?

போன நுரையீரல் திரும்பாது, அது நிஜம். ஆனா விட்ட ஒரே வருஷத்துல மாரடைப்பு ஆபத்து, ஊதிக்கிட்டே இருக்கிறவரோடதுல பாதியா இறங்கும்.

எப்ப ஆம்புலன்சுக்கு 999 கூப்பிடணும்?

வழக்கமான பம்புக்கு அடங்காத மூச்சுத்திணறல், குளிர்ந்த வேர்வை, தாடைக்கோ இடது கைக்கோ ஓடுற வலி, மயக்கம். இதுல ஒண்ணு வந்தாலே போதும். கைலியை மாத்திக்கிட்டு வர்றேன்னு உள்ளே போக விடாதீங்க.