பதில்: யானையை நகர்த்தாத செஸ் நிரல்

உங்கள் நிரல் காய்க்கணக்கில் தவறுவதில்லை, ஆனால் யானையை மூலையிலேயே தூங்க விடுகிறது. மாவட்ட அளவில் ஆடும் நண்பரிடம் எந்தக் காய் எங்கே நின்றால் எவ்வளவு மதிப்பு என்ற மதிப்பெண் அட்டவணை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எண்ணாகக் கேட்டால் குத்துமதிப்பாகத்தான் சொல்வார். நிரலோடு ஆடவிட்டு, எந்த நகர்த்தலில் முகம் சுளிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1996இல் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவிடம் தோற்ற ஐபிஎம்மின் செஸ் கணினி டீப் புளூவுடன் கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் இப்படித்தான் ஆடி ஆடிக் குறை கண்டுபிடித்தார். அதில் ஒன்று யானை விஷயம்: நெடுவரிசை இப்போது சிப்பாய்களால் மூடியிருந்தாலும், சிப்பாய் வெட்டுப்பட்டால் திறக்கும் என்றால் அங்கே நிற்கும் யானைக்கு மதிப்பு உண்டு. உங்களுடையதும் அதே வியாதிதான் போலிருக்கிறது. அப்புறம், நிரலில் யானைக்குத் தரும் மதிப்பைக் கொஞ்சமாக மாற்றி, பழைய பதிப்போடு சில நூறு ஆட்டங்களாவது மோதவிடுங்கள். பத்து ஆட்டத்தை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.