பேருந்தே ஏறாத பிரியா

அன்புள்ள ஐயா,

பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்றின் வடிவமைப்புக் குழுவில் இருக்கிறேன். 800 பேருக்குப் படிவம் அனுப்பி, பதில்களின் சராசரியை வைத்துப் ‘பிரியா’ என்றொரு பெர்சோனா, அதாவது பயனர்களின் சார்பில் நிற்கும் கற்பனை மனிதர், உருவாக்கினோம். வயது 31, மாதம் இரண்டு பயணம், காபி பிடிக்கும். இப்போது எந்த வாக்குவாதத்திலும் இரு தரப்பும் “பிரியாவுக்கு இதுதான் பிடிக்கும்” என்கிறார்கள். எங்கே தவறினோம்?

செ., கோவை

அன்புள்ள செ.,

சராசரியில்தான். 1950-இல் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளின் உடலை அளந்தது. உயரம், மார்புச் சுற்றளவு என 10 அளவுகளிலும் சராசரியை ஒட்டி வருகிறவர் எத்தனை பேர் என்று அங்கிருந்த ஆய்வாளர் கில்பர்ட் டேனியல்ஸ் பார்த்தார். 4,063 பேரில் ஒருவர்கூட இல்லை. வாராவாரம் போகிறவரையும் பொங்கலுக்கு மட்டும் ஊருக்குப் போகிறவரையும் கூட்டி வகுத்தால் வருகிற பிரியா எந்தப் பேருந்திலும் ஏறமாட்டார். அதனால்தான் யார் வேண்டுமானாலும் அவர் வாயில் எதையும் போட முடிகிறது.

படிவத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். 12 முதல் 15 பேரை அவர்கள் இடத்திலேயே போய்ப் பாருங்கள், ஆளுக்கு முக்கால் மணி நேரம். இரண்டு பேர் போங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. அலுவலக நண்பர்களும் அவர்கள் உறவினர்களும் வேண்டாம். பாதியில் செயலியை மூடியவர்களும், இன்றும் கவுன்டரில் நிற்பவர்களும் கட்டாயம் வேண்டும். “இந்த வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?” என்று கேட்காதீர்கள்; வீட்டுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று யார் சொல்வார்கள்? “கடைசியாக டிக்கெட் எடுத்ததைக் காட்டுங்கள்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். யார் ஃபோன், யார் பணம், ஓடிபி யாருக்குப் போகிறது, பணம் போய் டிக்கெட் வராதபோது யாரைக் கூப்பிட்டார் என்பதை எழுதுங்கள்.

பிறகு, பெர்சோனாவைப் பரவலாக்கிய மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பரின் வழி. சார்ட் பேப்பரில் ஒவ்வொரு நடத்தைக்கும் ஒரு கோடு: ஒரு முனையில் ‘தனக்கே எடுக்கிறார்’, மறுமுனையில் ‘பிறருக்கே எடுக்கிறார்’. இப்படி 15, 20 கோடுகள். ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் குறியுங்கள். அதே மூன்று நான்கு பேர் ஆறேழு கோடுகளில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அங்கே ஒரு பெர்சோனா இருக்கிறது. ஓரிரு கோட்டில் சேர்வது தற்செயலாக இருக்கலாம்.

உதாரணத்துக்கு, ஊரிலிருக்கும் பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும் மகள். பேருந்து எண்ணும் ஏறுமிடமும் அவர் ஃபோனுக்கு வருகின்றன; நிறுத்தத்தில் நிற்பவர் அப்பா. அப்படியானால் பயணிக்கென்று இரண்டாவது ஃபோன் எண் கேட்கும் கட்டம் தேவை. பெர்சோனாவின் ஒவ்வொரு வரியும் இப்படித் திரையில் எதையாவது மாற்றவேண்டும். மாற்றாத வரியை அடித்துவிடுங்கள். காபி முதலில் போகும், வயதும் பெரும்பாலும் போகும்.

ஆனால் 15 பேரை வைத்து, இப்படிப்பட்ட மகள்கள் எத்தனை சதவீதம் என்று சொல்ல முடியாது. எண்ணுவதற்குத்தான் படிவம். அடுத்த முறை அதில் முதல் கேள்வியாக “கடைசி டிக்கெட்டை யாருக்காக எடுத்தீர்கள்?” என்று போடுங்கள்.