பெட்டியில் வயர் இல்லையென்றால் அது கியரை மாற்றாது

கேள்வி: என் கார் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். கியர் லீவரைப் பக்கவாட்டில் தள்ளி, பிளஸ் மைனஸ் பக்கம் தட்டிக் கியர் மாற்றலாம். ஸ்டியரிங்கின் பின்னால் விரலால் இழுத்துக் கியர் மாற்றும் பேடில் கிடையாது; இதே மாடலின் உயர் வேரியன்ட்டில் இருக்கிறது. ஒரு பேடில் ஷிஃப்டர் செட் வாங்கிவிட்டேன். பெட்டியில் இரண்டு அலுமினியப் பேடில்களும் ஒட்டும் டேப்பும் மட்டும் இருக்கின்றன. நானே பொருத்தலாமா? ஏர்பேக்கைக் கழற்ற வேண்டுமா?

பதில்: மனதுக்குப் பிடிக்காததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கியது பேடில் ஷிஃப்டர் அல்ல, பேடில் எக்ஸ்டென்ஷன். கம்பெனியே கொடுத்த சின்ன பிளாஸ்டிக் பேடில் ஏற்கெனவே உள்ள கார்களில், அதன் மேல் ஒட்டி நீளமாக்கிக்கொள்ள விற்கப்படும் தகடு. உங்கள் ஸ்டியரிங்கின் பின்னால் ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும், இழுத்தால் எதுவும் நடக்காது. இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால் நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். டேப்பின் தாளை இன்னும் உரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேடில் என்பது வெறும் ஸ்விட்ச். 1989 பிரேசில் கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 பந்தயத்தில் நைஜல் மான்செல், ஸ்டியரிங்கில் பேடில் வைத்த ஃபெராரி 640 காரை ஓட்டி வென்றபோதே அடிப்படை இதுதான்: விரல் கியரை மாற்றுவதில்லை, மாற்றச் சொல்லிக் கேட்கிறது. மாற்றுவது கியர்பாக்ஸின் வேலை. உங்கள் காரில் அந்த வேண்டுகோளைக் கேட்டு முடிவெடுப்பது கியர்பாக்ஸ் கணினி. அதனால்தான் அதிக வேகத்தில் மைனஸை இழுத்தாலும், எஞ்சின் சுழற்சி எல்லை மீறும் என்றால் அது மறுத்துவிடும்.

உங்கள் லீவரில் பிளஸ் மைனஸ் இருப்பது நல்ல அறிகுறி. கைமுறைக் கட்டளையை ஏற்கும் நிரல் கணினியில் இருக்கிறது என்று அர்த்தம். மேனுவல் மோடே இல்லாத ஆட்டோமேட்டிக்கில் பேடில் வைக்க நினைப்பவர்களை நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். ஆனால் லீவர் சொல்வதைக் கேட்கும் கணினி, ஸ்டியரிங் சொல்வதையும் கேட்கும் என்று நிச்சயமில்லை. சில கார்களில் லீவரின் ஸ்விட்சும் பேடிலும் ஒரே வயரில் போய்ச் சேரும். அப்படியென்றால் வேலை எளிது. வேறு சில கார்களில் ஸ்டியரிங்குக்குள் ஒரு சின்ன மாட்யூல் இருந்து, எல்லாப் பட்டன்களையும் டிஜிட்டல் செய்தியாக மாற்றி அனுப்பும். பேடிலுக்கு இடம் கொடுக்கும் மாட்யூலாக அது இருக்க வேண்டும். அப்புறம் கோளாறு கண்டறியும் கருவியைக் காரில் செருகி, காருக்குப் பேடில் வந்திருக்கிறது என்று கோடிங்கும் செய்ய வேண்டும்.

உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ள, உங்கள் மாடலும் அதே ஆண்டும் உள்ள சர்வீஸ் மேனுவலின் வயரிங் படத்தைப் பாருங்கள். ஸ்டியரிங் சுழலும்போதும் வயர் இணைப்பு அறாமல் பார்த்துக்கொள்ளும் பாகம்தான் கிளாக்ஸ்பிரிங். இரண்டு வேரியன்ட்டுக்கும் அதன் பாகம் எண் ஒன்றாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஸ்டியரிங் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கிளாக்ஸ்பிரிங்கின் பின்னால் உள்ள கனெக்டரில் பேடிலுக்கான பின்களில் வயர் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஏர்பேக் கனெக்டரை மட்டும் தொட வேண்டாம். வயர் வரவில்லை என்றால் கியர்பாக்ஸ் கணினி வரைக்கும் புதிதாக இழுக்க வேண்டியிருக்கலாம். அந்த நிலையில் நான் விட்டுவிடச் சொல்வேன்.

எல்லாம் சரியாக இருந்தால் உயர் வேரியன்ட்டின் அசல் பேடிலையும், அதோடு வரும் வயரிங் துண்டையும் வாங்குங்கள். வெட்டி ஒட்டாமல் கனெக்டரில் சொருகி முடிக்க முடிய வேண்டும். வயர்லெஸ் பேடில்களும் விற்கிறார்கள்: பேடிலுக்குள் பட்டன் பேட்டரி, லீவரின் ஸ்விட்ச் வயரோடு இணைக்கும் ரிசீவர். ஓடும் காரின் கியர் வயரில் யாரோ செய்த ரிசீவரை இணைப்பதை நான் ஏற்கவில்லை. பேட்டரி தீர்ந்தால் பேடில் வேலை செய்யாது, அது பரவாயில்லை. ரிசீவர் பழுதாகி மைனஸ் சிக்னலைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் கவலை.

இனி ஏர்பேக். ஆம், பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றாமல் அசல் பேடிலைப் பொருத்த முடியாது. இந்த வேலையில் மனிதரைக் காயப்படுத்தக்கூடிய பகுதி இது ஒன்றுதான், அதனால் இங்கே அவசரம் கூடாது. ஏர்பேக்குக்குள் இருப்பது வெடிபொருள். மோதலின்போது அது முழுதாக விரிய ஏறக்குறைய 30 மில்லி விநாடிதான் ஆகும். மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும்போது வெடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரங்களை நேராக வைத்து, இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அது தானாகத் திரும்பிப் போய்த் தொடாதபடி துணியால் சுற்றி வையுங்கள். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உள்ள கெப்பாசிட்டர் பேட்டரி போன பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். கையேட்டில் சில நிமிடங்கள் என்று போட்டிருக்கும். நான் 15 நிமிடம் விடுவேன். கையேடு அதைவிட அதிகம் சொன்னால் கையேட்டின்படி செய்யுங்கள். பிறகு காரின் வர்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டு, உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்.

சில கார்களில் ஏர்பேக் டார்க்ஸ் எனும் நட்சத்திரத் தலைத் திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஸ்டியரிங்கின் பின்பக்கத் துளைகள் வழியே தள்ளினால் விடும் ஸ்பிரிங் கிளிப்கள். உங்கள் மாடலுக்கு எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், நெம்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது. ஏர்பேக் விட்டதும் மெதுவாகச் சாய்த்து, பின்னால் உள்ள மஞ்சள் கனெக்டரின் பூட்டை முதலில் தூக்கி, பிறகு கனெக்டரை எடுங்கள். ஹாரன் வயர் தனியாக இருக்கும். ஏர்பேக்கை எடுத்துச் செல்லும்போது மூடிப்பக்கம் உங்களைப் பார்க்கக் கூடாது. கீழே வைக்கும்போது மூடிப்பக்கம் மேலே இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால், வெடித்தபோது முழுப் பெட்டியும் மேலே பாயும். மல்டிமீட்டரை அந்தக் கனெக்டரில் ஒருபோதும் வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டத்தைக் கூட அதற்குள் விடக் கூடாது. மஞ்சள் வயரிலிருந்து எதற்கும் இணைப்பு எடுப்பதும் கூடாது.

பல கார்களில் ஏர்பேக் வெளியே வந்தாலே பேடிலைத் திருகிப் பொருத்த இடம் கிடைத்துவிடும். ஸ்டியரிங்கையே கழற்ற வேண்டிய காராக இருந்தால் இரண்டு விஷயம். நடு போல்ட்டைக் கையேடு சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும். சில கார்களில் அது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் போல்ட், புதிது வாங்க வேண்டும். இன்னொன்று கிளாக்ஸ்பிரிங். அதற்குள் சுருட்டி வைத்த ரிப்பன் கேபிள் இருக்கிறது. ஸ்டியரிங் இல்லாத நேரத்தில் கை பட்டு ஒரு சுற்று சுற்றிவிட்டால் நடு நிலை தவறிவிடும். மாட்டிய பிறகு எல்லாம் சரியாகவே தெரியும். ஒருநாள் முழுதாக ஒடித்துத் திருப்பும்போது ரிப்பன் அறுந்துவிடும். அப்படி வந்த ஒரு காரை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஹாரன் அடிக்கவில்லை என்றுதான் கொண்டுவந்தார்கள், உண்மையில் ஏர்பேக் இணைப்பும் போயிருந்தது. ஸ்டியரிங்கை எடுத்த அடுத்த கணமே கிளாக்ஸ்பிரிங் சுழலாதபடி டேப் ஒட்டிவிடுங்கள். எடுப்பதற்கு முன்பு ஸ்டியரிங்குக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுவதே நல்லது.

பேடிலின் வயர் எந்த முனையிலும் நசுங்காமல், ஏர்பேக்கின் அடியில் சிக்காமல், அசல் பாதையிலேயே போக வேண்டும். திரும்ப மாட்டும்போது மஞ்சள் கனெக்டரின் பூட்டு கிளிக் என்று கேட்கும் வரை அழுத்துங்கள். ஏர்பேக் கனெக்டர் கழன்றிருக்கும்போது இக்னிஷனைப் போடாதீர்கள். போட்டால் பிழைக் குறியீடு பதிவாகி, அதை அழிக்கக் கருவி தேவைப்படும்.

அசல் பேடில் வேலை செய்யத் தொடங்கிய பிறகு அது சின்னதாகத் தோன்றினால், எக்ஸ்டென்ஷனை அப்போது வாங்கி ஒட்டலாம். அதற்கு ஏர்பேக்கைத் தொட வேண்டியதில்லை, தைரியமாக நீங்களே செய்யுங்கள். டேப் போடாமல் பிடித்துப் பார்த்து, இன்டிகேட்டர், வைப்பர் லீவர்களை எல்லா நிலையிலும் தள்ளி, இடிக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷனின் எந்த விளிம்பும் ஸ்டியரிங்கின் முன்பக்கம் ஏர்பேக் மூடி மேல் வரக் கூடாது. நீளம் கூடக்கூட நெம்புவிசை கூடும். கனமான தகடு பேடிலின் சின்னப் பிளாஸ்டிக் அச்சைத் தேய்க்கும். விட்டவுடன் பேடில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்பது முக்கியம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைத்து, காய்ந்ததும் ஒட்டி அழுத்துங்கள். நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் சாதாரண வெப்பநிலையில் முழுப் பிடிப்பு பெற 72 மணி நேரம் எடுக்கும், அதுவரை இழுத்து விளையாட வேண்டாம்.

பேட்டரியை இணைக்கும்போது காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் பேடில் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அந்தக் காரை ஓட்டாதீர்கள், குறியீட்டைப் படித்துச் சரிசெய்த பிறகே எடுங்கள். அணைந்துவிட்டால் ஹாரனையும் ஸ்டியரிங் பட்டன்களையும் சரிபார்த்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். பிறகு ஆளில்லாத ரோட்டில் மேனுவல் மோடுக்கு மாற்றி, குறைந்த வேகத்தில் முதலில் பிளஸ் பக்கத்தை இழுங்கள்.